இரவல் சக்தியில் வாழும் உயிர்

புதுவாயலில் கொல்கத்தா நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே போகப் போக ஆலைகள் குறையும். பழவேற்காட்டுப் பக்கத்து இறால் குட்டைகள் தென்படும். வனாமி இறால் வளர்ப்பவர்களைக் கலங்கவைக்கும் பெயர் இஎச்பி. எவ்வளவு தீவனம் போட்டாலும் இறால் பருக்காது. ஒரே குட்டையில் பெரிதும் பொடியுமாகக் கிடக்கும். 2009இல் தாய்லாந்தில் பெயரிடப்பட்ட இந்த ஒட்டுண்ணி இந்தியப் பண்ணைகளிலும் இருப்பதை 2016இல் சென்னையின் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் எழுதினார்கள். இறால் சாப்பிடுகிறவர்களுக்கு அதனால் ஆபத்தில்லை. ஆனால் அதன் நெருங்கிய உறவான என்டரோசைட்டோசூன் பியனூசி மனிதக் குடலில் வாழ்கிறது. இரண்டும் மைக்ரோஸ்போரிடியா என்ற கூட்டம், பூஞ்சைகளின் பங்காளிகள்.

பியனூசியின் ஸ்போர் எனும் வித்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் ஒரு குழாய் சுருண்டு கிடக்கிறது. குடலை அடைந்ததும் உள்ளே அழுத்தம் ஏறி, சட்டைக் கையைப் புரட்டி வெளியே இழுப்பதுபோல அந்தக் குழாய் கண்ணிமைக்கும் நேரத்தில் பீறிட்டு, பக்கத்துச் செல்லுக்குள் நுழைகிறது. அதன் வழியே ஒட்டுண்ணியின் உயிர்ச்சத்து முழுவதும் உள்ளே பாய்ந்துவிடும். வெளியே மிஞ்சுவது வெற்றுக் கூடு.

அதைவிட என்னை வியக்கவைப்பது இந்த உயிரி கைவிட்டவை. 2010இல் இதன் மரபணுத் தொகுதியை ஆராய்ந்தவர்கள், சர்க்கரையை உடைத்துச் சக்தி எடுக்கும் அடிப்படை மரபணுக்களே இதில் இல்லை என்று கண்டார்கள். வாழத் தேவையான சக்தியைத் தாங்கும் ஏடிபி மூலக்கூறை, தான் புகுந்த செல்லிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. இறாலின் இஎச்பியும் அப்படித்தான்.

மனித உடலில் நோயெதிர்ப்பு இருந்தால் பியனூசி சிறிது கால வயிற்றுப்போக்கோடு அடங்கிவிடும். அந்த எதிர்ப்பை நடத்தும் சிடி4 அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நூற்றுக்கும் கீழே போனவர்களுக்கோ வயிற்றுப்போக்கு மாதக்கணக்கில் நீண்டு, உடம்பு உருகிவிடும். எய்ட்ஸ் நோயாளி ஒருவரின் குடலிலிருந்துதான் 1985இல் பிரான்ஸில் பியனூசி முதன்முதலில் விவரிக்கப்பட்டது. மறு ஆண்டே சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தார்கள்.

சாதாரண மோஷன் டெஸ்டில் இது அகப்படுவது அரிது. தனிச் சாயம் ஏற்றித் தேட வேண்டும். மருத்துவர் கேட்டால்தான் ஆய்வகம் தேடும். நீங்காத வயிற்றுப்போக்கோடு எதிர்ப்பு குன்றியவர் வந்தால் கேட்டே ஆக வேண்டும் என்பேன். உறவினமான என்செஃபாலிட்டோசூன் இன்டெஸ்டினாலிஸ் அல்பென்டசோல் மருந்துக்கு அடங்கும். பியனூசி அவ்வளவாக அடங்காது. எச்ஐவி உள்ளவர்களுக்கு அதை உண்மையில் விரட்டுவது அந்த வைரஸை அடக்கும் ஏஆர்டி மாத்திரைதான். சிடி4 ஏற ஏற, உடலே அதை ஒடுக்கிவிடுகிறது. 2004 ஏப்ரலில் அந்த மாத்திரையை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையும் முதல் மையங்களில் ஒன்றாக இருந்தது.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களின் பாடு இன்னும் கடினம். புதிய சிறுநீரகம் நிலைக்க எதிர்ப்பை அடக்கும் மாத்திரையை அவர்கள் விடவே முடியாது. ஃபியூமகிலின் என்ற மருந்து பியனூசியைக் கொல்லும். ஆனால் ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். ஆகவே மருத்துவர் அடக்கும் மாத்திரையின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்க்கிறார். ஸ்போர் நீரில் நெடுநாள் தாங்கும் என்பதால், அந்த நோயாளியின் வீட்டில் குடிநீர் எதுவானாலும் கொதிக்கவைத்தே கொடுக்க வேண்டும்.