ஃபேன் காத்தே அனலா அடிக்குதா? ஹாஸ்டல் ரூமில் கத்திரியைச் சமாளிக்க ஒரு கைடு!

வெளியே கத்திரி வெயில், உள்ளே செமஸ்டர் எக்ஸாம். இதுல மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற ரூம் உங்களுக்கு அலாட் ஆகியிருந்தா, கேட்கவே வேணாம். ஃபேனை அஞ்சுல வெச்சாலும் தலைக்கு மேல யாரோ ஹேர் டிரையரைப் பிடிச்ச மாதிரிதான் காத்து வரும். தலையணை ஈரம், பெட்ஷீட் ஈரம், நோட்ஸைத் திருப்பினா பேப்பர் கையில ஒட்டும். ஒரே பக்கத்தை நாலு தடவை படிச்சும் மண்டையில ஏறலைன்னா, 'நாம இவ்வளவு மக்கா'ன்னு உங்க மேலயே கோபம் வரும்.

கொஞ்சம் பொறுங்க. பிரச்னை மண்டையில இல்லாம, ரூம்லகூட இருக்கலாம்.

2016 கோடையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 44 மாணவர்களை 12 நாள்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 24 பேர் ஏ.சி இருக்கும் ஹாஸ்டலில் தங்கியிருந்தவர்கள். மீதி 20 பேர் ஏ.சி இல்லாத பழைய கட்டடங்களில் தங்கியிருந்தவர்கள். தினமும் காலையில் எழுந்ததும் மொபைலில் இரண்டு சின்ன டெஸ்ட். ஒன்று, கவனத்தைச் சோதிக்கும் வண்ண விளையாட்டு. இன்னொன்று கூட்டல், கழித்தல். வெப்ப அலை வீசிய நாள்களில், ஏ.சி இல்லாத அறையில் தூங்கி எழுந்தவர்களுக்கு முதல் டெஸ்ட்டில் பதில் சொல்ல சுமார் 13 சதவிகிதம் அதிக நேரம் ஆனது. கணக்கு ஸ்கோரும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது. இத்தனைக்கும் எல்லாருமே நல்ல ஆரோக்கியமான இளைஞர்கள்.

இதுல நமக்கு முக்கியமான பாயின்ட் வேற. வெளியே வெயில் உச்சத்தில் இருந்தப்போ இந்த வித்தியாசம் அதிகமா இல்லை. வெளியே சூடு தணிய ஆரம்பிச்ச பிறகும் கட்டடத்துக்குள்ள சூடு தங்கியிருந்துச்சே, அப்போதான் அதிகமா தெரிஞ்சுது. நாம பயப்படுறதெல்லாம் மதியம் பன்னிரண்டு மணி வெயிலுக்கு. மார்க்கைக் குறைக்கிறது ராத்திரி பதினொரு மணி ரூம்.

ராத்திரியில சுடுற கூரை

கான்கிரீட் கூரை பகல் முழுக்க வெயிலைக் குடிச்சுட்டு, அதை மெதுவாத்தான் கீழே விடும். அதனால சூரியன் மறைஞ்ச பிறகும் டாப் ஃப்ளோர் ரூம் சூடாவே இருக்கும். நல்லா தூங்கணும்னா உடம்போட உள் வெப்பம் கொஞ்சம் இறங்கணும். ரூம் அதுக்கு விடாது. புரண்டு புரண்டு படுப்போம், மூணு மணிக்கு மேலதான் கண் அசரும், ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும்.

செலவில்லாம செய்யக்கூடியது நிறைய இருக்கு. பகல்ல, முக்கியமா மதியத்துக்கு மேல, மேற்குப் பக்க ஜன்னலை மூடி, தடிமனான வேட்டியோ பழைய பெட்ஷீட்டோ கட்டிடுங்க. வெளிக்காத்து ரூமைவிடச் சூடா இருக்கும்போது ஜன்னலைத் திறந்து வெச்சா, அனலை நாமே வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிற மாதிரி. சாயந்திரம் வெளியே தணிஞ்சதும் ஜன்னல், கதவு எல்லாத்தையும் முழுசா திறங்க. ஹாஸ்டல்ல தண்ணீர்ப் பஞ்சம் இல்லைன்னா, வார்டன்கிட்ட கேட்டு பொழுது சாய்ஞ்சதும் மொட்டை மாடித் தரையில நாலு பக்கெட் தண்ணீர் தெளிக்கலாம். பாத்திரம் கழுவின தண்ணீர்கூடப் போதும். லேப்டாப், சார்ஜர், தேவையில்லாத லைட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. ஒவ்வொண்ணும் ஒரு குட்டி ஹீட்டர்தான்.

படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு குளியல். ஐஸ் வாட்டர் வேணாம், டேங்க் தண்ணீர் போதும். தலையைத் துவட்டின பிறகு உடம்பை முழுசா துடைக்காம, கொஞ்சம் ஈரத்தோடயே ஃபேனுக்குக் கீழ நில்லுங்க. ஏன்னா, ஃபேன் காத்தைக் குளிர வைக்கிற மெஷின் இல்லை. உங்க தோல் மேல இருக்கிற ஈரத்தை ஆவியாக்குற மெஷின். அந்த ஈரம் ஆவியாகும்போதுதான் உடம்பிலிருந்து சூட்டை எடுத்துட்டுப் போகும். வியர்வை செய்யுற வேலையும் இதுதான். வழிஞ்சு கீழே சொட்டுற வியர்வையால பலன் இல்லை, உலர்ற வியர்வைதான் குளிர்ச்சி.

அதனாலதான் திருச்சி, வேலூர், கரூர்ல வேலை செய்யுற டெக்னிக் எல்லாம் சென்னையில வேலை செய்யாது. உள் மாவட்டங்கள்ல வெயில் அதிகம், காத்துல ஈரம் கம்மி. ஜன்னல்ல ஈரத்துண்டைக் கட்டினா காத்து சில்லுனு வரும். சென்னையிலயும் தூத்துக்குடியிலயும் காத்துலயே ஈரம் ரொம்பி இருக்கும். அங்க ஈரத்துண்டைக் கட்டி, கதவையும் சாத்தினா புழுக்கம்தான் கூடும். கடலோர ஊர்னா காத்தோட்டம்தான் மருந்து. இன்னொண்ணு, ரூமே 40 டிகிரியைத் தாண்டிட்டா ஃபேன் மட்டும் காப்பாத்தாது, சூடான காத்தை உடம்பு மேல அடிக்கும் அவ்வளவுதான். அந்த நேரத்துல ரூம்ல உட்கார்ந்து வீரம் காட்டாதீங்க. மதியம் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் லைப்ரரிக்கோ, கிரவுண்ட் ஃப்ளோர்ல இருக்கிற நண்பன் ரூமுக்கோ போயிடுங்க. கஷ்டமான சப்ஜெக்ட்டை விடியற்காலைக்கு மாத்துங்க. ரூம் கொஞ்சமாவது தணிஞ்சிருக்கிறது அப்போதான்.

தண்ணீர் குடிக்காததுக்கு உண்மையான காரணம்

'நிறைய தண்ணீர் குடிங்க'ன்னு எல்லாரும் சொல்வாங்க. எத்தனை லிட்டர்னு ஒரு கணக்கை எல்லாருக்கும் பொதுவா சொல்ல முடியாது. வெயில்ல பஸ்ல தொங்கிட்டு வர்றவருக்கும் ஏ.சி லேப்ல இருக்கிறவருக்கும் தேவை வேற வேற. சிறுநீரோட நிறத்தைப் பாருங்க. வெளிறின மஞ்சள்னா ஓகே. அடர் மஞ்சளா, அளவும் குறைவா போச்சுன்னா உடம்பு தண்ணீர் கேட்குதுன்னு அர்த்தம்.

ஆனா, கல்லூரிப் பெண்கள் நிறைய பேர் காலையில வீட்டுல இருந்து கிளம்பினா சாயந்திரம் வரைக்கும் சரியா தண்ணீர் குடிக்கிறதில்லை. மறதி இல்லை, டாய்லெட்தான் காரணம். தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய், இன்டர்வெல்ல நீளமான க்யூ. இதுக்குப் பயந்து தண்ணீரைக் குறைச்சு, சிறுநீரையும் அடக்கினா, சிறுநீர்ப் பாதைத் தொற்று வர்றதுக்கான வாய்ப்பு கூடும். தண்ணீர் குறையக் குறைய சிறுநீரகக் கல் உருவாகவும் வழி கிடைக்கும். எரிச்சல், அடிக்கடி போகணும்ங்கிற உணர்வு, அடிவயித்து வலி, கூடவே காய்ச்சல் இருந்தா 'சூடு பிடிச்சிருக்கு'ன்னு இளநீரோட நிறுத்தாம டாக்டரைப் பாருங்க. காலேஜ்ல டாய்லெட் மோசம்னா, கிளாஸ்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்க. மாணவிகள்கிட்ட தண்ணீர் குடிங்கன்னு அட்வைஸ் பண்றதுக்கு முன்னாடி, நிர்வாகம் அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடணும். பசங்களே, அந்த லெட்டர்ல நீங்களும் கையெழுத்துப் போடலாம்!

எதைக் குடிக்கிறது? தண்ணீர், உப்புப் போட்ட நீர்மோர், இளநீர், நுங்கு, தர்பூசணி, மெஸ்ல கிடைச்சா கம்மங்கூழ். இதுக்கு மேல ஒண்ணும் தேவையில்லை. கூல் டிரிங்க்ஸ்ல 100 மில்லிக்கு சுமார் 10 கிராம் சர்க்கரை. கால் லிட்டர் குடிச்சா ஆறு ஸ்பூன் சர்க்கரையை அள்ளி வாயில போட்ட கணக்கு. டீ, காபியை அளவா குடிச்சா உடம்பு வத்திடாது. ஆனா ராத்திரி பத்து மணிக்குக் குடிக்கிற காபி, ஏற்கெனவே தள்ளாடிட்டிருக்கிற தூக்கத்தை மொத்தமா விரட்டிடும்.

வயித்துப்போக்கு வந்தாலோ, வெயில்ல விளையாடி நிறைய வியர்த்தாலோ ஓ.ஆர்.எஸ் கைகொடுக்கும். மெடிக்கல் ஷாப்ல உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்ட பவுடர் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்க. பக்கத்துலயே பழம் படம் போட்டு அட்டைப் பெட்டியில இருக்கிற இனிப்பு பானம் எல்லாம் ஓ.ஆர்.எஸ் ஆகாது. பாக்கெட் கிடைக்கலைன்னா ஒரு லிட்டர் கொதிக்க வெச்சு ஆறின தண்ணீர்ல, தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு இந்த அளவைத் தாண்டக் கூடாது.

ரோட்டோர சர்பத்தைக் குடிக்க வேணாம்னு சொன்னா கேட்க மாட்டீங்க. அதனால ஐஸை மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க. மீன் பெட்டிக்குப் போற ஐஸும் சர்பத்துக்குப் போற ஐஸும் ஒரே இடத்துல இருந்து வரலாம். மஞ்சள் காமாலையும் டைபாய்டும் அசுத்தமான தண்ணீர் வழியாத்தான் வரும். ஐஸா உறைஞ்சதால அந்தக் கிருமிகள் செத்துடாது. எக்ஸாம் நேரத்துல மஞ்சள் காமாலை வந்தா அந்த செமஸ்டரே போச்சு.

அந்த க்ரீம் வேணாம் ப்ளீஸ்

இதைப் பத்தி வெளியே பேசக் கூச்சப்படுவோம். இறுக்கமான ஜீன்ஸ், காயாத உள்ளாடை, வியர்வை மூணும் சேர்ந்தா தொடை இடுக்கில அரிப்பு, வட்ட வட்டமா படர்தாமரை. உடனே மெடிக்கல் ஷாப்ல போய் 'அரிப்புக்கு ஒரு க்ரீம்'னு கேட்போம். கையில கிடைக்கிறது பல நேரம் ஸ்டீராய்டு கலந்த க்ரீம். ரெண்டே நாள்ல அரிப்பு நிக்கும், 'சூப்பர் க்ரீம்டா'ன்னு ரூம்மேட்டுக்கும் சிபாரிசு பண்ணுவோம். பூஞ்சை சாகாது. ஸ்டீராய்டு அந்த இடத்தோட எதிர்ப்பைக் குறைக்கிறதால, உள்ளுக்குள்ள இன்னும் பரவும். நிறுத்தினதும் ரெண்டு மடங்கா திரும்பி வரும். தோல் டாக்டர்களுக்கே தலைவலியா இருக்கிற விஷயம் இது. அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுல காட்டினா செலவும் இல்லை. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் மருந்தை நிறுத்தாதீங்க. துண்டு, டிரெஸ்ஸை ரூம்மேட்டோட மாத்திக்காதீங்க. உள்ளாடையை வெயில்ல காயப் போடுங்க. வெயிலுக்கு அந்த ஒரு நல்ல குணமாவது இருக்கே!

வேர்க்குருவுக்கு லூசான காட்டன் டிரெஸ்ஸும் காத்தும் போதும். ஈரத்து மேலயே பவுடரைக் கொட்டி அப்பாதீங்க.

கிரவுண்ட்ல ஒருத்தன் தள்ளாடினா

எக்ஸாம் முடிஞ்ச மறுநாளே, ஒரு மாசமா ரூம்ல அடைஞ்சு கிடந்த பத்துப் பேர் பதினொரு மணி வெயில்ல கிரிக்கெட் ஆடப் போவாங்க. உடம்பு வெயிலுக்குப் பழக ஒண்ணுல இருந்து ரெண்டு வாரம் ஆகும். முதல் சில நாள் காலையில ஏழு மணிக்கு, அரை மணி நேரத்தோட நிறுத்துங்க. காய்ச்சலோ வயித்துப்போக்கோ வந்து எழுந்தவன் அம்பயரா மட்டும் இருக்கட்டும், அதுவும் நிழல்ல.

தலைவலி, குமட்டல், கால்ல தசைப்பிடிப்பு, மயக்கம் வர்ற மாதிரி இருந்தா ஆட்டத்தை விட்டு நிழலுக்கு வந்து தண்ணீர் குடிக்கணும், கால நீட்டிப் படுக்கணும். அரை மணி நேரத்துல சரியாகலைன்னா டாக்டர். ஆனா, பேச்சு குழறுது, சம்பந்தமில்லாம உளறுறான், நிக்க முடியாம தள்ளாடுறான், வலிப்பு வருது, நினைவு தப்புதுன்னா அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிட்டா மூளை, சிறுநீரகம்னு எல்லாமே ஆபத்துல இருக்கும். 'இன்னும் வியர்க்குதே, ஒண்ணும் இருக்காது'ன்னு விட்டுடாதீங்க. விளையாடும்போது வர்ற ஹீட் ஸ்ட்ரோக்ல வியர்த்துக்கிட்டேகூட இருக்கும்.

ஒருத்தர் 108-க்கு போன் போடுங்க. மத்தவங்க அவனை நிழலுக்குத் தூக்கிட்டுப் போய், ஷூ, சட்டையைக் கழட்டி, தலையில இருந்து கால் வரைக்கும் தண்ணீர் ஊத்துங்க. அட்டையோ நோட்டோ கிடைச்சதை வெச்சு வீசுங்க. ஐஸ் இருந்தா கழுத்து, அக்குள், தொடை இடுக்குல வைங்க. நினைவு சரியா இல்லாதவன் வாயில தண்ணீர், சோடா எதையும் ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். பாராசிட்டமாலும் வேணாம், இந்தச் சூட்டை அது குறைக்காது. ஆம்புலன்ஸ் வந்து சேர்ற வரைக்கும் தண்ணீர் ஊத்துறதையும் வீசுறதையும் நிறுத்தாதீங்க. எவ்வளவு நேரம் வெயில்ல இருந்தான், எப்போ விழுந்தான்னு கூட வர்றவங்ககிட்ட சொல்லுங்க.