கடனை அடைப்பதா? ஷேர் வாங்குவதா?

வீட்டுக் கடன் 20 லட்சம். வட்டி எட்டரை சதவீதம். 20 ஆண்டுக்கு மாதத் தவணை 17,356 ரூபாய். முதல் தவணையில் 14,167 ரூபாய் வட்டிக்கே போய்விடும்!

அந்த நேரம் பார்த்துக் கைக்கு 3 லட்சம் வருகிறது. "பேங்க்ல போடுங்க மாப்ளே" என்பார் மாமனார். "ஷேர் வாங்குங்க அத்தான்" என்பான் மச்சான். "மொதல்ல கடனைக் கட்டுங்க" என்பாள் மனைவி.

கணக்கு மனைவி பக்கம்தான்! டெபாசிட் வட்டி பொதுவாகக் கடன் வட்டியைவிடக் குறைச்சல்; அதற்கும் வரி உண்டு. ஷேர் இறங்கினால் தவணைத் தேதி காத்திருக்குமா?

ஆஸ்பத்திரிச் செலவுக்கு அடகுக்கடை ஏறாமலிருக்க ஒரு லட்சத்தை ஒதுக்கிவிட்டு, ஆரம்பத்திலேயே 2 லட்சம் கட்டினால் போதும். வட்டி விகிதம் மாறாவிட்டால் கடன் 4 ஆண்டு 4 மாதம் முன்பே தீரும். சுமார் 7 லட்சம் மிச்சம்!

மாறும் வட்டி வீட்டுக் கடனுக்குத் தனிநபரிடம் அபராதம் கேட்கக்கூடாதென்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. "தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்" என்று மட்டும் மறக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும்.