'வெஞ்சர்' என்னும் சொல்

ஆங்கிலத்தில் வழங்கும் 'வெஞ்சர்' என்னும் சொல், 'அட்வெஞ்சர்' என்பதன் பழைய வடிவம் முதல் குறைந்து பிறந்தது. அதன் இலத்தீன் மூலம் 'வரவிருப்பது' என்று பொருள்படும். வருவது நன்மையோ தீமையோ, முன்னறிய இயலாது. அந்த நிச்சயமின்மையே இச்சொல்லின் உயிர்.

கடல் வணிகர் கப்பலேற்றிய சரக்கும் முற்காலத்தில் 'வெஞ்சர்' எனப்பட்டது. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் அந்தோனியோ, தன் சரக்கு முழுவதையும் ஒரே கப்பலை நம்பி விடவில்லை என்று கூறுமிடத்தில் இச்சொல்லையே ஆள்கிறான். இலாப நட்டம் உறுதியில்லாத தொழிலை இன்று இது குறிப்பதும் அவ்வழியே.

வினையாக வரும்போது, புயலில் வெளியே செல்லத் துணிவதைக் குறிக்கும். தவறாகவும் இருக்கலாம் என்னும் தயக்கத்தோடு கருத்துரைப்பதையும் குறிக்கும்.

ஆகவே எங்கும் 'துணிகரம்' என்றே பெயர்த்தல் பொருந்தாது. 'துணிகரக் கொள்ளை' என்று கேட்டுப் பழகிய செவிக்கு, 'கூட்டுத் துணிகரம்' என்றால் நேர்மையான வாணிகமும் குற்றமாக ஒலிக்கும். அங்கே 'கூட்டு முயற்சி' என்பதே தகும்.

தமிழில் 'துணிதல்' என்பதற்கு அறுபடுதல், முடிவு செய்தல் என்னும் பொருள்களும் உண்டு. ஆங்கிலச் சொல் வரப்போவதை நோக்குகிறது. தமிழ்ச் சொல்லோ முடிவு கொண்ட மனத்தை நோக்குகிறது. மொழிபெயர்ப்போர் இவ்வேற்றுமையை உளங்கொள்ளுதல் நலம்.