ஒரு சிட்டிகை உப்பும் மூளையின் காவலரும்

மடுல்சீமை மலையில் மழை பிடித்துவிட்டால், லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் காண்பது புதிதன்று. கொழுந்தெடுத்துத் திரும்பிய தாய் 'ஜீவனி'ப் பொதியைத் தேடுகிறாள். கிடைக்காவிடில் சீனியும் உப்பும் கரைக்கிறாள். பிள்ளை சோர்ந்து கிடக்கிறதே என்று கைதாராளமாக உப்பிடுவாளாயின் என்ன நேரும்?

நமது குருதியில் சோடியம் லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருத்தல் வேண்டும். அது மிகுந்தால், கலங்களின் உள்ளிருக்கும் நீர் வெளியே ஈர்க்கப்படும். ஊறுகாய்ச் சாடியில் உப்பிட்ட எலுமிச்சை சுருங்குவதை நாம் கண்டதில்லையா? மூளையும் அவ்வாறே சுருங்கும். வலிப்பும் மயக்கமும் தொடரக்கூடும்.

ஆயினும் மூளை எளிதில் பணிந்துவிடுவதில்லை. நரம்புக்கலங்களைச் சூழ்ந்து நின்று, அவற்றை ஊட்டி, உப்பையும் நீரையும் ஒழுங்குசெய்யும் துணைக்கலங்கள் அங்குண்டு. இவற்றை வெறும் 'பசை' என்றே முன்னாளில் அறிஞர் கருதினர். பாவம், பழிக்கத் தகாத பசை! நீர் குன்றிய கலத்துள் புரதங்கள் நெருக்குண்டு, மடிப்புக் குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். அப்பொழுது கலமானது நெருக்கடிப் புரதங்களை மிகுதியாக ஆக்குகின்றது. குலைந்தவற்றைத் தாங்கிப் பிடித்து மீண்டும் மடித்துவிடுவது இவற்றின் தொழில். ஆய்வுகூடத்தில் வளர்த்த துணைக்கலங்களுள், இப்புரதங்கள் மிகுந்தவை உப்பின் தாக்குதலை நன்கு தாங்கின.

இப்புரதங்களைக் காட்டிக்கொடுத்தது ஒரு கைத்தவறு! இத்தாலிய அறிஞர் ரித்தோசாவின் ஆய்வுகூடத்தில், பழ ஈக்கள் இருந்த பெட்டியின் வெப்பம் தவறுதலாகக் கூட்டப்பட்டது. சூடுபட்ட கலங்களின் மரபிழைகள் ஆங்காங்கே உப்பியதை அவர் கண்டார். 1962இல் அதனை வெளியிட்டார். அதனாலேயே 'வெப்ப அதிர்ச்சிப் புரதம்' என்னும் பெயர் வழங்கலாயிற்று.

இக்காவலால் சிறிது அவகாசமே கிடைக்கும். அதற்குள் துணைக்கலங்கள் இனோசிற்றோல், தோரின் முதலிய பொருள்களைச் சேர்த்து, இழந்த நீரை மீட்கின்றன. இதற்கு ஓரிரு நாட்கள் செல்லும்.

உலக சுகாதார நிறுவனம் 2002இல் வகுத்த கலவையில், ஒரு லீற்றர் நீருக்குக் கறியுப்பு 2.6 கிராமே, ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி. அளவு மீறிவிட்டதென அஞ்சினால், வெறுந்தண்ணீரை ஒரேயடியாகப் புகட்டலாகாது. பசறை வழியாகப் பதுளை மருத்துவமனைக்குப் பிள்ளையைக் கொண்டு செல்க. நாட்பட்டு மிகுந்த உப்பை மருத்துவர் மெல்ல மெல்லவே இறக்குவர். சேர்த்துவைத்த பொருள்கள் கலத்துள் இருக்கையில் குருதி சடுதியாக நீர்த்தால், நீர் உள்ளே பாய்ந்து மூளை வீங்கிவிடும்.