மேற்கே மலை, மேலே செயற்கைக்கோள்: மழை வந்தா தேனியில டிஷ் டிவி ஏன் போகுது?

ஐப்பசி மழை அடிச்சு ஊத்துது. மொபைலில் டவர் ஆடுது. சரி, டிவியில் செய்தி பார்க்கலாம் என்று ரிமோட்டை எடுத்தால், நீலத் திரையில் ‘சிக்னல் கிடைக்கவில்லை’. தேனி, போடி, சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கு முழுக்க டிஷ் வைத்திருக்கும் வீடுகளில் இது பழகிப்போன கதை. ஆனால் பக்கத்து வீட்டு கேபிளில் படம் ஓடிக்கொண்டிருக்கும்!

இது கம்பெனி தப்பா, டிஷ் தப்பா, மழை தப்பா? மெக்கானிக்கைக் கூப்பிடணுமா, சும்மா இருக்கணுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை: மலை கொடுத்ததும் மலை தடுத்ததும்

டிஷ் வருவதற்கு முன்னால் டிவி சிக்னல் தரையிலிருந்துதான் வந்தது. நம்ம பக்கத்துக்கு அந்த வேலையைச் செய்தது கொடைக்கானல் மலைமேல் இருந்த தூர்தர்ஷன் ஒளிபரப்பு நிலையம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். தேனி சுமார் 300 மீட்டர். இவ்வளவு உயரத்தில் நின்று ஒளிபரப்பினால், நடுவில் தடை ஏதும் இல்லாத பட்சத்தில், கணக்குப்படி 150 கிலோமீட்டருக்கு மேலும் அலை போகும்.

சிக்கல் அந்த ‘தடை இல்லாத பட்சத்தில்’தான். டிவி அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். நடுவில் ஒரு மலைமுகடு வந்தால், அதன் பின்னால் நிழல் விழும். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு பக்கம், வருசநாடு, மேகமலை இன்னொரு பக்கம் என்று இருக்கும் பள்ளத்தாக்கில் நிழலுக்குப் பஞ்சமா? ஒரே ஊரில் ஒரு தெருவில் படம் தெளிவாக வரும், அடுத்த தெருவில் வராது. மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருப்பவர் “தெரியுது... இல்ல, போயிடுச்சு” என்று கத்துவது அதனால்தான்.

மலை இன்னொரு வேலையும் செய்யும். நேராக வரும் அலையோடு, பாறையில் பட்டுத் திரும்பிய அலையும் ஆன்டெனாவுக்கு வந்து சேரும். திரும்பி வந்தது 1 கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றியிருந்தால், சுமார் 3.3 மைக்ரோ செகண்ட் தாமதமாகும். பழைய டிவியில் ஒரு கோட்டில் படம் வரைய ஆகும் நேரமே 52 மைக்ரோ செகண்ட்தான். ஆக, திரை அகலத்தில் 16-ல் ஒரு பங்கு தள்ளி அதே உருவம் மங்கலாக இரண்டாவது தடவை தெரியும். அதைத்தான் ‘பேய் படம்’ என்றோம்.

இந்தத் தரைவழி அனலாக் ஒளிபரப்பை பிரசார் பாரதி நாடு முழுக்கப் படிப்படியாக மூடிவிட்டது. 2022 மார்ச்சுக்குள் சில முக்கிய இடங்களைத் தவிர மற்ற எல்லாம் நின்றுவிட்டன. இன்றைக்கு மாடி ஆன்டெனா வெறும் காக்கா உட்காரும் கம்பி.

அப்போ டிஷ்ஷுக்கு மலை தடை இல்லையா?

இல்லை. காரணம், டிஷ் மலையைப் பார்ப்பதே இல்லை.

தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான ‘டிடி ஃப்ரீ டிஷ்’ ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. 2015 நவம்பரில் ஏவப்பட்ட இது, நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகையில் நிற்கிறது. பூமி சுற்றும் அதே வேகத்தில் இதுவும் சுற்றுவதால், நமக்கு ஒரே இடத்தில் ஆணியடித்த மாதிரி இருக்கும்.

தேனியிலிருந்து கணக்குப் போட்டால், அது தென்கிழக்குக்கும் கிழக்குக்கும் நடுவில், அடிவானத்திலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட தலைக்கு மேலே! டெல்லியில் இருப்பவருக்கு இதே செயற்கைக்கோள் 52 டிகிரியில்தான் தெரியும். மற்ற டிடிஹெச் கம்பெனிகள் வேறு செயற்கைக்கோள்களைப் பயன்படுத்தினாலும், இங்கிருந்து பார்த்தால் அவையும் பொதுவாக 50 டிகிரிக்கு மேலேதான்.

மலையோ? 10 கிலோமீட்டர் தள்ளி 1,500 மீட்டர் உயர்ந்து நிற்கும் முகடுகூட நம் கண்ணுக்கு 9 டிகிரிக்குள்தான் எழும். அதனால்தான் தரைவழி சிக்னலே எட்டாத மலையடிவாரத் தெருவிலும் டிஷ் வேலை செய்கிறது.

ஒரு சந்தேகம் வரலாம்: “எங்க வீட்டு டிஷ் அவ்வளவு மேலே பார்க்கலையே?” பார்க்கிறது. வீட்டு டிஷ்களில் சிக்னல் பிடிக்கும் எல்.என்.பி. கருவி தட்டின் நடுவுக்கு நேராக இல்லாமல் கீழ்ப்பக்கம் ஒதுங்கி இருக்கும். அதனால் தட்டு நிமிர்ந்து நிற்பது போலத் தெரிந்தாலும், அது உண்மையில் பார்ப்பது அதைவிட 20 முதல் 25 டிகிரி மேலே.

தென்னை மரம் வில்லனா?

சில வீடுகளில் ஆமாம். 15 மீட்டர் தென்னை. டிஷ் 4 மீட்டர் உயர மொட்டைமாடியில். 68 டிகிரி கோணத்தில், அந்த மரம் டிஷ்ஷிலிருந்து சுமார் நாலரை மீட்டருக்குள், அதுவும் சரியாக அந்தத் திசையில் இருந்தால் மட்டுமே மறைக்கும். தள்ளி நிற்கும் தோப்பு ஒன்றும் செய்யாது. வைத்தபோது நன்றாக இருந்து, இரண்டு மூன்று வருஷத்தில் காற்றடிக்கும்போதெல்லாம் படம் விட்டுவிட்டு வந்தால், மட்டை ஒன்று குறுக்கே வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். மரத்தை வெட்ட வேண்டாம். டிஷ்ஷை மாடியின் வேறு மூலைக்கு மாற்றினாலே போதும்.

சரி, மழைக்கு வருவோம்

டிஷ் டிவி பயன்படுத்தும் அலைவரிசைக்கு ‘கேயு பேண்ட்’ என்று பெயர். சுமார் 12 கிகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் வெறும் 2.5 சென்டிமீட்டர். பெரிய மழைத்துளி 4, 5 மில்லிமீட்டர் வரை இருக்கும். அலைநீளமும் துளியும் அளவில் நெருங்க நெருங்க, துளி அலையை அதிகமாக உறிஞ்சும், சிதறடிக்கும்.

அதனால் முக்கியம் எவ்வளவு நேரம் மழை பெய்தது என்பதல்ல, எவ்வளவு வேகமாகப் பெய்கிறது என்பதுதான். ஜூன், ஜூலையில் கூடலூர், கம்பம் பக்கம் நாள் முழுக்க சாரல் அடிக்கும், படம் போகாது. அக்டோபர், நவம்பரில் இடியோடு அரை மணி நேரம் கொட்டும். படம் போயே போச்சு.

இன்னொரு விஷயம். மழை தலைக்கு மேலே பெய்யணும் என்று அவசியமில்லை. மழைத்துளிகள் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழேதான் இருக்கும். 68 டிகிரி சாய்வில் வரும் சிக்னல், அந்த உயரத்தைக் கடக்கும் இடம் உங்கள் வீட்டிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் கிழக்கு, தென்கிழக்கே. அந்த 2 கிலோமீட்டருக்குள் கொட்டினால் போதும், உங்கள் வீட்டு முற்றம் காய்ந்திருந்தாலும் படம் போகும். மேற்கே போடிமெட்டில் மேகம் கருத்து நிற்பதற்கும் உங்கள் டிஷ்ஷுக்கும் சம்பந்தமே இல்லை.

ஏன் கொஞ்சம் கொஞ்சமாக மங்காமல் ‘டப்’பென்று போகுது?

அனலாக் டிவியில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாக ஓடும், ஆனாலும் கிரிக்கெட் ஸ்கோரைப் படித்துவிடலாம். டிஜிட்டலில் வருவது படமல்ல, எண்கள். அந்த எண்கள் 188 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்களாக வரும். வழியில் கெட்டுப்போனால் சரிசெய்ய, டிடிஹெச்சில் பரவலாகப் பயன்பட்ட டிவிபி-எஸ் முறையில் ஒவ்வொரு பொட்டலத்தோடும் 16 பைட் கூடுதலாகக் கட்டி அனுப்புவார்கள். அதை வைத்து 8 பைட் வரை தவறைப் பெட்டியே திருத்திவிடும்.

8 வரை தவறு வந்தாலும் உங்களுக்குத் தெரியாது, படம் பளிச். 9 ஆனால் அந்தப் பொட்டலமே காலி. சதுரம் சதுரமாக உடையும், அப்புறம் திரை உறையும், அப்புறம் ஒன்றும் இல்லை. நல்ல படத்துக்கும் வெறும் திரைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அவ்வளவு சின்னது.

பக்கத்து வீட்டு கேபிள் மட்டும் எப்படி ஓடுது?

கேபிள் கட்டுப்பாட்டு அறைகளில் இருக்கும் பெரிய டிஷ்கள் பெரும்பாலும் ‘சி பேண்ட்’ சிக்னலைப் பிடிக்கின்றன. சுமார் 4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 7.5 சென்டிமீட்டர். மழைத்துளி அதற்கு ரொம்பச் சின்னது. அங்கிருந்து வீடு வரை வருவது கம்பிவழி. மழைக்கு அங்கே வேலை இல்லை. மரம் விழுந்து கம்பி அறுந்தால்தான் பிரச்சினை.

அதற்காக கேபிள் கைவிடவே விடாது என்று சொல்ல முடியாது. 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு மறுபடி தொடங்கி, 2017-ல் டிஜிட்டல் உரிமம் பெற்ற தமிழ்நாடு அரசு கேபிளில், 2022 நவம்பரில் மென்பொருள் சிக்கலால் ஏராளமான செட்டாப் பாக்ஸ்கள் ஒரே நேரத்தில் நின்றன. சிக்னல் வந்தாலும் ‘திற’ என்று பெட்டிக்கு மென்பொருள் சொன்னால்தான் படம்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்

* மழை குறைந்து சில நிமிடத்தில் படம் வந்துவிட்டதா? கோளாறு இல்லை. காசு கொடுத்துப் பெட்டியை மாற்றாதீர்கள்.
* மழை நின்று மணிக்கணக்காகியும் வரலையா? எல்.என்.பி.யில் மாட்டும் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம், அல்லது காற்றில் டிஷ் நகர்ந்திருக்கலாம். இதற்குத்தான் ஆள் வேணும். புது கனெக்டர் போட்டு, தண்ணீர் புகாமல் டேப் சுற்றச் சொல்லுங்கள்.
* மார்ச் நடுவிலோ செப்டம்பர் கடைசி வாரத்திலோ, பளிச்சென்ற வெயிலில், காலை 11 மணி வாக்கில் சில நிமிடம் மட்டும் போகுதா? சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வருகிறது. சில நாளில் தானாகச் சரியாகும். (இது 93.5 டிகிரிக்கான நேரம். வேறு செயற்கைக்கோள் என்றால் மணி மாறும்.)
* ஒரே ஒரு சேனல் மட்டும் வரலையா? பெரும்பாலும் அது பேக்கேஜ் விவகாரம்.
* மெனுவில் ‘ஸ்ட்ரெங்த்’, ‘குவாலிட்டி’ என்று இரண்டு கோடு இருக்கும். முதலாவது நிறைய, இரண்டாவது பூஜ்யம் என்றால், டிஷ் எதையோ பிடிக்கிறது, ஆனால் சரியான செயற்கைக்கோளை அல்ல. குவாலிட்டியைத்தான் பார்க்கணும்.

கடைசியாக ஒன்று

வெள்ள எச்சரிக்கையும் மலைப்பாதை மூடிய செய்தியும் தேவைப்படுவது கனமழை ராத்திரியில்தான். டிஷ் போவதும் அதே நேரத்தில்தான். கரண்ட் போனால் கேபிளும் வைஃபையும் சேர்ந்தே போகும்.

கொடைக்கானல் மலையிலிருந்து வரும் அகில இந்திய வானொலியின் கொடை பண்பலைக்கு அலைவரிசை 100.5 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 3 மீட்டர். எவ்வளவு பெரிய மழைத்துளியும் அதை ஒன்றும் செய்யாது. மலை நிழல் விழாத ஊராக இருந்தால் ஒரு சின்ன பேட்டரி ரேடியோவே போதும். உங்கள் வீட்டில் எந்த மூலையில் கொடை பண்பலை தெளிவாகக் கேட்குது என்று மழை இல்லாத ஒரு நாளில் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.