அறிவு வளர்ச்சி குன்றிய பெரியோரும் மலஜலப் பழக்கமும்

எண்ணூருக்கு வடக்கே, வங்கக் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே கிடக்கும் மணற்றிட்டு காட்டுப்பள்ளி. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் வண்ணம் அமைந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2010-ம் ஆண்டில் அங்கே தொடங்கப்பெற்றது. உவர்நீரையும் பருகுநீராக்கும் இக்காலத்தில், வீட்டிலுள்ள ஒருவனுக்குத் தண்ணீரை வேண்டுமென்றே மறுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டென்றால் அன்பர் நம்புவரோ? மறுப்பவள் பகைவியல்லள்; பெற்ற தாய். அறிவு வளர்ச்சி குன்றிய மகனுக்கு 25 வயதாயிற்று. ஆடையிலேயே மலஜலம் கழிக்கின்றான். அவனைத் தூக்கவும் கழுவவும் அவளுக்கு வலிவில்லை. குடிநீரைக் குறைத்தால் துணி நனைவது குறையும் என்று எண்ணுகின்றாள்.

எண்ணியது நடவாது. நீர் குறையின் சிறுநீர் செறிந்து பையை உறுத்தும். சிறிது சிறிதாக அடிக்கடி கசியும். கிருமி பற்றவும் இடமாகும். மலமோ இறுகிக் குடலிலே தங்கும். நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை நெருக்குதலால் துணி முன்னிலும் மிகுதியாக நனையும். இறுகிய மலத்தின் ஓரமாக நீர்த்த மலம் கசிந்து வருவதும் உண்டு. அதனைப் பேதியென மயங்கி, பேதியை நிறுத்தும் மருந்து கொடுத்துவிடின் கேடு இரட்டிக்கும். வயிற்றுவலியை வாய்விட்டுச் சொல்ல இயலாதவன் அலறுவான், தன்னையே அடித்துக்கொள்வான். அதனையும் அவன் குறையின் இயல்பென்றே கொள்வர்! ஆதலின் முதலில் நாடத்தக்கவர் மருத்துவரே. மலச்சிக்கலோ, சிறுநீர்த் தொற்றோ, நீரிழிவோ, வலிப்புக்கென உட்கொள்ளும் மருந்தோ, எது காரணம் என்று ஆராயாமல், "இவன் இப்படித்தான்" என விடுதல் முறையன்று.

நிற்க. இவ்வயதிற் பழக்க இயலுமோ என ஐயுறலாம். அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்து மருத்துவமனையொன்றில் அறிவு வளர்ச்சி மிகக் குன்றிய 9 பெரியோரைப் பயிற்றிய வரலாற்றை, அஸ்ரின், பாக்ஸ் என்னும் இருவர் 1971-ல் வெளியிட்டனர். அவர்கள் நீரைக் குறைத்திலர். மிகுதியாகவே பருகக் கொடுத்தனர். அடிக்கடி கழித்தாலன்றோ அடிக்கடி கற்கலாம்? சரியாகக் கழித்தபோதெல்லாம் உடனே வெகுமதியளித்தனர். சில நாட்பயிற்சியிலேயே ஆடை நனைதல் ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்தது. தவறியபோது அவர்கள் கையாண்ட கண்டிப்பு மட்டும் இன்று ஒப்பத்தக்கதன்று. அதனை நாம் விலக்குவோம்.

வீட்டிற் செய்யத்தக்கது இது. எவ்வேளையில் நனைகின்றது என்று சில நாள் தாளிற் குறித்து, அவ்வேளைக்குச் சற்று முன்னரே அழைத்துச் செல்க. உணவுண்டபின் குடல் தானே இயங்குமாதலால், காலை உணவு முடிந்ததும் அமரச் செய்தல் நன்று. பாதம் தரையிலோ மணையிலோ ஊன்றவேண்டும். முடிச்சவிழ்க்க வேண்டிய ஆடையினும் எலாஸ்டிக் வைத்தது ஏற்றது. இரவுக்கும் பயணத்துக்கும் டயாப்பர் உதவும். 2025 செப்டம்பரில் அதன்மேல் விதிக்கும் வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. ஆயினும் பகல் முழுதும் ஒன்றையே அணிவித்து வைப்பின் தோல் புண்ணாகும், கற்றதும் மறக்கும்.

இருபத்தைந்து வயதினனைக் கூடத்தில் எல்லோர் முன்னும் ஆடை களைதலை நாம் பொறுக்கலாகாது. கதவைச் சாத்தி, செய்யப்போவதை முன்னரே அவனிடம் சொல்லி, இயன்றவரை ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் துணைபுரிக. தாய் ஒருத்தியே எந்நாளும் இதனைச் சுமத்தல் அரிது. தந்தையும் உடன்பிறந்தாரும் அதே முறையைக் கற்று, அவளைச் சில இரவுகளேனும் உறங்கவிடல் வேண்டும். தண்ணீரோ, மருத்துவர் தடுத்தாலன்றி, பகலெல்லாம் அவன் வேண்டுமளவு பருகட்டும்.