ஒளிக்கதிரும் எல்லைக்கல்லும்: லேசர் நில அளவையின் களமுறை பற்றிச் சில குறிப்புகள்

நில அளவை வெறும் கணிதச் செயலன்று. நிலத்தோடு மனிதர் கொண்டுள்ள உறவுகளைப் பதிவுசெய்யும் செயலுமாகும். இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலங்களை, மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன எனக் கொண்டது. உறுதியும் வரைபடமும் இல்லாத குடியானவனின் வழிவழி அனுபோகம் இதனால் வலுவிழந்தது. ஆகவே, அளக்கும் கருவி மாறும்போது இவ்வுறவுகள் எவ்வாறு பதிவாகின்றன என்ற வினாவுடனேயே லேசர் வருடியை நோக்குதல் வேண்டும்.

கருவியின் தத்துவம் எளிது. முக்காலியில் நிற்கும் வருடி ஒளித்துடிப்புகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணிக்கின்றது. ஒளி ஒரு நனோசெக்கனில் ஏறத்தாழ 30 சதமமீற்றர் செல்லும். போய்த் திரும்பவேண்டியிருப்பதால் ஒரு நனோசெக்கன் 15 சதமமீற்றர்த் தூரத்தைக் குறிக்கும். ஒரு செக்கனில் பல இலட்சம் புள்ளிகளைப் பதிவுசெய்யும் கருவிகள் இன்றுள்ளன. எனினும், கருவி விரைவானதென்பதால் களவேலையும் விரைவாகிவிடுவதில்லை. கருவியை இடம் மாற்றுவதும், விடுபட்டதை அளக்க மீண்டும் வருவதுமே காலத்தை விழுங்குகின்றன.

களுதாவளை போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். கிழக்கே கடல்; மேற்கே மட்டக்களப்பு வாவி; இடையே மணற்பாங்கான எழுவான்கரையில் குடியிருப்புகளும் வெற்றிலைத் தோட்டங்களும் உள்ளன. இங்கு முதற்பணி, கருவியின்றி நடந்து பார்த்தலாகும். வெற்றிலைக் கொடிவரிசை ஒன்று அடுத்ததை மறைக்குமாதலால், எந்த நிலையிலிருந்து எது தெரியும் என்பதை முன்னரே குறித்துக்கொள்ளல் வேண்டும். இரண்டாவதாக, செய்மதி வழியாகவோ முழுநிலையக் கருவியாலோ கட்டுப்பாட்டுப் புள்ளிகளை நிறுவி, அவற்றைத் தேசிய ஆள்கூற்றுத் தொகுதியோடு இணைத்தல் வேண்டும். மூன்றாவதாக, அடுத்தடுத்த இரு நிலைகளுக்கும் பொதுவாக, ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று இலக்குகளாவது தெரிதல் அவசியம். புள்ளிகளின் இடைவெளியைப் பாதியாக்கினால் அவற்றின் தொகை நான்கு மடங்காகும். எனவே தேவைக்கு மேற்பட்ட நுண்மையும் விரயமே. காற்றில் அசையும் இலைகள் தரவைக் குழப்பும். நீர்ப்பரப்பிலிருந்து ஒளி செவ்வனே மீளாது. மாரியில் வாவியின் கரையே இடம்பெயரும். இவற்றால் காற்றடங்கிய காலைப்பொழுதும் கோடைகாலமும் உகந்தவை. களத்தைவிட்டு நீங்குமுன் நிலைகளை ஒன்றிணைத்துச் சரிபார்த்தல் இறுதிப்பணியாகும்.

ஆயினும், இம்முறையில் ஒரு பணி விடுபட்டுள்ளது. வருடி வேலியைக் காணும். அவ்வேலி எல்லைதானா என்பதை அது அறியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரமெங்கும் வேலிகளும் அடையாளங்களும் அழிந்த இடங்களில் எல்லையைச் சொல்ல எஞ்சியவை உறுதிகளும் அயலவரின் நினைவுமே. வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்களில் போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் இடையிலான உறவும் எந்தப் புள்ளித்திரளிலும் தோன்றாது. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் போன்ற ஏற்பாடுகளில் வரைபடம் உரிமையின் ஆதாரமாகின்றது. அங்கு இப்பிழை, தொழில்நுட்பப் பிழையாக மட்டும் நின்றுவிடாது.

எனவே உரிமையாளரும் அயலவரும் நிலத்தில் உழைப்போரும் கூடிநிற்க எல்லைகளை முதலில் அடையாளமிட்டு, அங்கு இலக்குகளை நாட்டியபின் வருடியை இயக்குவதே சிக்கனமான ஒழுங்காகும். மறு அளவையைத் தவிர்ப்பதும் அதுவே. உழைப்பவன் குரலை வரைபடத்துக்கு முன் வைப்பதும் அதுவே. மில்லிமீற்றர்த் துல்லியத்தோடு ஓர் அநீதியையும் அளந்துவிடலாம் என்பது மனங்கொள்ளத்தக்கது.